களைத்துப்போன ஏற்பி

எங்கள் பேராசிரியருக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது அநியாயம். அவருக்கு மனிதர்களின் ஏற்பிகளைப் பிடிக்கும். அவை மனிதர்களுக்குள்ளேதான் இருந்து தொலைக்கின்றன என்பதால் மனிதர்களையும் பொறுத்துக்கொண்டார்.

நான் பல வருடங்கள் வார்டில் தாதியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்தவள். முழங்கால் வலியும் இரவு ஷிப்டும் சேர்ந்து என்னைத் துரத்தியபோது, மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு வெளியே இருந்த ஓர் ஆய்வு மையத்தில் இடம் கிடைத்தது. பதவியின் பெயர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். வேலை என்னவென்றால், நோயாளிகளுக்குப் போன் செய்து வரச் சொல்வது, ரத்தம் எடுப்பது, கேள்வித்தாளை நிரப்புவது, பேராசிரியரின் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது. கடைசி வேலை ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் அதில்தான் எனக்கு நல்ல பெயர்.

பேராசிரியர் ஆராய்ந்தது இதுதான். நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது ரத்தத்தில் போய், கணையத்தில் இருக்கும் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அது வந்து உட்காரும் இடத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். உட்கார்ந்தால் இன்சுலின் சுரக்கும், சீனி இறங்கும், பசியும் அடங்கும். அந்த ஹார்மோனைப் போலவே செய்த மருந்தை வாரத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஊசியாகப் போடலாம். பேனா மாதிரி இருக்கும். பெரும்பாலோருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. ஏன் செய்யவில்லை என்பதுதான் பேராசிரியரின் கேள்வி.

பதிலையும் அவர் முன்பே வைத்திருந்தார். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் பகலும் இரவும் மாறி மாறி வேலை செய்கிறவர்களின் ஏற்பிகள் களைத்துப்போய்விடுகின்றன, மருந்து வந்து உட்கார்ந்தாலும் அசைவதில்லை என்பது அவர் எண்ணம். 'களைத்துப்போன ஏற்பி' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே காதுகுத்துக்கு மண்டபம் பிடித்த மாதிரி. இனி அப்படி ஒருவர் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

வந்தார். தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். ஆய்வில் அவர் எண் பதினேழு. எங்கள் மையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஐம்பதைத் தாண்டியவர், ஸ்டீரிங்கை உரசும் வயிறு, கையில் எப்போதும் ஒரு தொப்பி. மாசாயில் நான் இருக்கும் வரிசை வீடுகளுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவருக்கும் வீடு என்று பிறகு தெரிந்தது. பத்து வருடமாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு.

முதல் நாள் பேராசிரியர் அவரை உட்காரவைத்து விளக்கினார். பேராசிரியர் சிலோன் தமிழ்க் குடும்பம். வீட்டில் ஆங்கிலம், நோயாளிகளிடம் மட்டும் தமிழ்.

"ஏற்பி எண்டால் ஒரு பூட்டு. மருந்து எண்டால் சாவி. சாவி போட்டால் பூட்டுத் திறக்கும். உங்கட பூட்டு திறக்குதோ இல்லையோ எண்டு நாங்கள் பார்க்கப்போறம். விளங்குதோ?"

ஓட்டுநர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூட்டு ரிப்பேருன்னா புதுப் பூட்டு போடுவீங்களா டாக்டர்?"

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அருமையான கேள்வி. எழுதிக்கொள்ளுங்கோ சிஸ்டர்."

நான் எழுதிக்கொண்டேன். பதினேழின் கேள்விக்குப் பதில் யாரும் சொல்லவில்லை. அவருக்கு நான்கு பேனாக்கள் கொடுத்து, எப்படிக் குத்துவது என்று காட்டி, குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி, காலிப் பேனாக்களை மறக்காமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாதம் நான்கு காலிப் பேனாக்களைக் கழுவித் துடைத்து பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சுத்தத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். மற்றவர்களில் சிலர் பேனாவைத் தொலைத்துவிட்டு வருவார்கள், நாய் கடித்துவிட்டது என்பார்கள். ஒருத்தர் ரொட்டி சானாய் கட்டிய காகிதத்தில் சுருட்டிக்கொண்டு வந்தார், குழம்போடு.

நான் கேள்வித்தாளை எடுத்தேன்.

"குமட்டல் இருந்துச்சாண்ணே?"

"இல்ல மிஸ்ஸி."

"வாந்தி?"

"இல்ல."

"ஏப்பம்? அழுகின முட்ட நாத்தத்தோட?"

"அலமாக், அதெல்லாம் இல்ல மிஸ்ஸி."

"சாப்பாடு?"

"பசி நல்லா இருக்கு."

பசி நல்லா இருப்பதை அவர் சட்டையில் இருந்த சம்பல் கறையும் ஒத்துக்கொண்டது. சீனி ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. இந்த மருந்து போட்டால் நூறு பேரில் பாதிப் பேராவது முதல் மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள் என்பது என் அனுபவம். இவருக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகத்துக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. இருக்கிற கட்டங்களில் எல்லாம் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

பேராசிரியர் முடிவுகளைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அவர் மகள் பட்டம் வாங்கிய அன்றுகூட அந்த முகம் இவ்வளவு மலரவில்லை, போட்டோவைப் பார்த்திருக்கிறேன்.

"மருந்து ஒழுங்காகப் போடுறார். ஒரு மாற்றமும் இல்லை. சிஸ்டர், இவர்தான் நான் தேடின ஆள்!"

ஒரு மனிதனுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்பதில் இன்னொரு மனிதனுக்கு இத்தனை சந்தோஷம்.

மாதங்கள் போயின. டப்பா வந்தது, சீனி அசையவில்லை, பேராசிரியரின் ஸ்லைடுகள் கூடின. ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு டாக்டர்களுக்குப் பதினேழை நிற்கவைத்து அறிமுகம் செய்தார். "எங்கட பெஸ்ட் பேஷண்ட்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டுநர் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் கைதட்டியதும் வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசாயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் என் அண்ணி என் முழங்கையை இடித்தாள்.

"அந்த அக்காவப் பாரு. போன வருசம் சைடு வாங்கிதான் இந்த வாசல்ல நொழைவாங்க. இப்பப் பாரு, பொண்ணுக்கு அக்கா மாதிரி."

பார்த்தேன். நாற்பத்தெட்டு, ஐம்பது இருக்கும். பட்டுப்புடவையின் ரவிக்கையைப் பிரித்துத் தைத்திருப்பது தெரிந்தது. அதுவும் உள்பக்கமாக. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தாலி கட்டுவதை அந்தப் பக்கம் யாரும் கவனிக்கவில்லை.

"என்ன பண்ணாங்களாம்?"

"பாவக்கா ஜூஸ். காலையில வெறும் வயித்துல. மாசாய் பாசார்ல இப்ப பாவக்காயே கெடைக்கிறதில்ல தெரியுமா? நானும் மூணு வாரமா குடிக்கிறேன்."

"கொறஞ்சுதா?"

"கோவம்தான் கூடிப்போச்சு. இரு, என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."

அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போய் வட்டத்துக்குள் நுழைத்தாள். அந்த அக்கா அனுபவசாலியின் நிதானத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மொத ரெண்டு வாரம் கொமட்டும். பயந்துடக்கூடாது. ஒரு தடவ ரெண்டு தடவ வாந்தி வரும். அப்புறம் ஏப்பம் வரும் பாருங்க, அழுகின முட்ட மாதிரி. வீட்ல எல்லாம் எந்திரிச்சு வெளிய போயிடுவாங்க. அதுக்கப்புறம் சோத்தப் பாத்தாலே வேணாம் போன்னு இருக்கும். ரெண்டு வாய்க்கு மேல எறங்காது."

ஒரு பெண் கேட்டாள், "எனக்கு ஏப்பமே வரலியேக்கா, நானும் தெனம் குடிக்கிறேனே?"

"வெதய எடுக்காம அடிச்சிருப்பீங்க லா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். குமட்டல், வாந்தி, ஏப்பம், பசியின்மை. என் கேள்வித்தாளை அந்த அக்கா வரிசை மாறாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பாகற்காய் கசக்கும், வயிற்றைக் கலக்கும், புருஷனை முறைக்க வைக்கும். அழுகின முட்டை ஏப்பத்தை மட்டும் அது தராது. அதைத் தரும் மருந்து எங்கள் மையத்தின் குளிர்பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி என் கழுத்தில் தொங்கியது.

அப்போது கையில் பிரியாணித் தட்டோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இந்தா, ஒரு வாயாவது சாப்புடு. காலையிலேருந்து ஒண்ணும்..." என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். பதினேழு.

"மிஸ்ஸி" என்றார், ரோட்டில் திடீரென்று போலீஸ் தடுப்பைப் பார்த்தவர் குரலில்.

"யாருங்க?" என்றார் மனைவி.

"ஆஸ்பத்திரி மிஸ்ஸி."

அந்த அக்காவின் கை தானாகப் புடவைக்கு மேல் வயிற்றைப் போய் மூடியது. தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, வலது பக்கம். நான் எல்லோருக்கும் குத்தச் சொல்லிக் கொடுக்கும் இடம்.

கல்யாண வீட்டில் கத்த முடியாது. நான் பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பாயசம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள்தான். எனக்கும் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தேவைப்பட்டது.

மறுநாள் மதியம் பாசிர் கூடாங்குக்குப் போனேன். ஷிப்ட் முடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ்கள் எல்லாம் வரிசையாக நிற்கும் இடம் எனக்குத் தெரியும். பதினேழு தன் பஸ்ஸில் படியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முதல் இருக்கையைத் தொப்பியால் தட்டிவிட்டு, "ஒக்காருங்க மிஸ்ஸி" என்றார். மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை.

"மொத ஊசிக்கு ஒண்ணும் ஆவல. ரெண்டாவது ஊசி போட்ட மறுநாள், காலை ஷிப்ட் ஏத்திட்டு வாரேன். அந்தப் பெரிய ரவுண்டபவுட்டு இருக்கில்ல, அதுல திரும்பும்போது வந்துருச்சு. கையில ஸ்டீரிங், பின்னால பஸ் நெறையா ஆளு. பையத் தேடுறேன், பை இல்ல. தொப்பியிலதான் வாந்தி எடுத்தேன். இது புதுத் தொப்பி."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானேண்ணே?"

"சொல்லலாம்னுதான் மொத மாசம் வந்தேன். நீங்க அந்தத் தாள வெச்சுக்கிட்டு மடமடன்னு கேட்டீங்க. வாந்தின்னு சொன்னா வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம் ப்ரொப் அந்த வெள்ளக்காரங்க முன்னாடி கை குடுத்தாரு. பெஸ்ட் பேஷண்ட்ன்னாரு. படிச்ச காலத்துலேருந்து என்னைய யாரும் எதுலயும் பெஸ்டுன்னு சொன்னதில்ல மிஸ்ஸி."

நான் அதட்டினேன்.

"அதுக்காக ஊசிய அக்காவுக்குக் குடுப்பீங்களா?"

"காலிப் பேனாவ கொண்டாரணும்னு நீங்கதான சொன்னீங்க. கீழ ஊத்த மனசு வரல. இவ்ளோ ஒசத்தியான மருந்து. அவதான், 'சும்மா கெடக்குது, எனக்காவது போடுங்க'ன்னா."

"அக்காவுக்கு இனிப்புநீர் இருக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு பாத்தா?"

ஒரு வருடமாக அந்த வீட்டிலிருந்து மாதம் தவறாமல் ஒருவரின் ரத்தத்தை எடுத்து, பெயர் ஒட்டாமல் எண் ஒட்டி, உறைய வைத்துக்கொண்டிருந்தோம். அதே வீட்டில் அதே சோற்றைச் சாப்பிடும் இன்னொருவரை ஒருமுறைகூட நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்கள் ஆய்வில் இல்லையே.

டாக்டர் பார்க்காமல் அந்த மருந்தைப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று சொன்னேன். கணையம், பித்தப்பை என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் பயந்துபோனார். மிச்சப் பேனாக்களை அன்றே வாங்கிக்கொண்டேன். மனைவியை மறுநாளே அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். இதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னேன்.

"எம்பேர எழுதுவீங்களா?"

"உங்க பேரு அங்க யாருக்கும் தெரியாதுண்ணே."

அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை.

பேராசிரியர் அன்று மாலை தன் அறையில் உரையைத் தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் சிங்கப்பூரில் மாநாடு. சுவரில் விழுந்த ஸ்லைடில் பதினேழின் சீனிக் கோடு நேராக, கம்பி போல ஓடிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சிஸ்டர், இது கலியாண வீட்டுக் கதை."

"அவரே ஒத்துக்கிட்டாரு ப்ரொப்."

"பேஷண்ட் சொல்லுறதை எப்பிடி நம்புறது?"

"ஊசி போட்டேன்னு சொன்னதும் அதே பேஷண்ட்தானே ப்ரொப்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் விடவில்லை. "அவரு ரத்தம் ஒறைய வெச்சிருக்கோம். அதுல மருந்து இருக்கா இல்லையான்னு பாத்தா தெரிஞ்சுடும்."

"பார்ப்பம். மாநாடு முடியட்டும்."

விதிமீறல் அறிக்கையை நிரப்பி அவர் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும். அதன் மேல் ஒரு கோப்பைக் காப்பியை வைத்தார். நான் வீட்டுக்குப் போகும் முன் அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அவருக்கு அனுப்பினேன். தைரியத்தால் இல்லை. வார்டில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு, ஏதாவது தப்பு நடந்தால் விரல் எந்தப் பக்கம் நீளும் என்று தெரியும்.

மாநாட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார், சுவரொட்டிச் சுருளைத் தூக்க. கடைசி வரிசையில் கறிபாப்புப் பலகாரத் தட்டோடு உட்கார்ந்தேன். பேராசிரியர் நன்றாகப் பேசினார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். களைத்துப்போன ஏற்பியை அவர் வர்ணித்தபோது எனக்கே பாவமாக இருந்தது. இரவெல்லாம் விழித்து, உழைத்து, ஓய்ந்து, சாவி வந்து தட்டினாலும் திரும்பிப் படுத்துக்கொள்ளும் ஏற்பி. பாசிர் கூடாங் தொழிலாளியை அவர் நேரில் பார்க்கும்போது காட்டாத கருணையை எல்லாம் அந்த ஏற்பியின் மேல் கொட்டினார்.

முன்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆராய்ச்சியாளர் எழுந்தாள். சின்னப் பெண். குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "இவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தீர்களா?"

ஒரு கணம்தான். பேராசிரியர் புன்னகைத்தார்.

"எங்கள் ஒருங்கிணைப்பாளர் இவர்களின் ஒவ்வொரு பேனாவையும் எண்ணி வாங்கியிருக்கிறார். ஒன்றுகூடக் குறையவில்லை. அதோ, பின்னால் இருக்கிறார்."

அத்தனை தலைகளும் திரும்பின. யாரோ கைதட்டத் தொடங்க, அரங்கம் முழுக்கக் கைதட்டியது. நான் எழுந்து நின்றேன். வாயில் கறிபாப்பு. விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம், "பேனாதான் வந்தது, மருந்து மாசாயில் ஓர் அக்காவின் வயிற்றுக்குப் போனது" என்று. இரண்டு வாக்கியம்கூட இல்லை. நான் தலையை ஆட்டினேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். உட்கார்ந்தேன்.

பதினேழை நான் எந்த வாயால் அதட்டினேன் என்று அப்போதுதான் யோசித்தேன். கைதட்டு விழும்போது வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜொகூருக்குத் திரும்பி வரும்போது இரண்டாவது பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. பேராசிரியர் காரை ஓட்டியபடி மாநாட்டில் யார் யார் கை குலுக்கினார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் பாதியில் குறுக்கிட்டேன்.

"ப்ரொப், நாளைக்குக் காலையில நான் நேரா நெறிமுறைக் குழுவுக்கு எழுதப்போறேன். உங்க கையெழுத்து இல்லாமலே."

அவர் குடிநுழைவுச் சாவடியில் கடப்பிதழை நீட்டினார். கெலாங் பாத்தாவுக்கு விலகும் சாலையின் பலகை வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"பதினேழின்ட ஏற்பி எப்பிடி இருந்திருக்கும் எண்டு இனித் தெரியாமலே போயிடும்."

அவருக்கு அப்போதும் அதுதான் கவலை. எனக்குக் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. ஒரே ஆள் மேல் இரண்டும் வருவது அசௌகரியமான விஷயம்.

"ரத்தத்தை அனுப்புங்கோ, சிஸ்டர்" என்றார் கொஞ்சம் கழித்து. "எல்லாருடையதும்."

அறிக்கை மறுநாள் காலை குழுவுக்குப் போனது, அவர் கையெழுத்தோடும் காப்பி வட்டத்தோடும். ரத்த முடிவுகள் வரச் சில வாரம் பிடித்தது. முதல் மாதத்துக்குப் பிறகு பதினேழின் ரத்தத்தில் மருந்து துளியும் இல்லை. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, களைத்துப்போன ஏற்பிக்காரர்கள் என்று பேராசிரியர் வரிசைப்படுத்தி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தத்திலும் மருந்து இல்லை. நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். ஒருவர் ஊசிக்குப் பயந்து பேனாவைத் தலையணைமேல் குத்தியிருந்தார். இன்னொரு அம்மாள் விரதம் என்று நிறுத்தியவர் மறுபடி தொடங்க மறந்துவிட்டார். மறக்கவில்லை, பிடிக்காமல் மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்று பிறகு சொன்னார். எல்லோரும் காலிப் பேனாக்களை ஒழுங்காகத் திருப்பித் தந்தவர்கள்.

யாருடைய ஏற்பியும் களைக்கவில்லை. அவற்றுக்கு வேலையே வரவில்லை.

பேராசிரியர் மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதித் தன் முடிவைத் திரும்பப் பெற்றார். அது சுலபமான காரியம் இல்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். மதிப்பு இரண்டாவது பத்திவரை நீடித்தது. 'ஒருங்கிணைப்பில் நேர்ந்த குறைபாடுகள் காரணமாக' என்று அதில் இருந்தது. எங்கள் மையத்தில் ஒருங்கிணைப்பு என்றால் நான்தான், வேறு யாரும் இல்லை.

நான் மாநாட்டுக்கு முன் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோய், அவர் மேசையில், அந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தேன்.

"என் பங்கு இதுல இருக்கு ப்ரொப். நான் இல்லன்னு சொல்லல. கேள்விய சரியா கேக்கல, மாநாட்டுல வாயத் திறக்கல. ஆனா தேதியப் பாருங்க."

தேதியைப் பார்த்தார். அன்று மாலை அந்த வரி 'ஆய்வுக் குழுவின் குறைபாடுகள் காரணமாக' என்று மாறியிருந்தது. குழு என்றால் அவர், நான், வாரத்துக்கு இரண்டு நாள் தரை துடைக்க வரும் அம்மாள். அந்த அம்மாளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

பதினேழை ஆய்விலிருந்து நீக்கினார்கள். கடைசியாக ஒருமுறை வந்தார், மன்னிப்புக் கேட்க. பேராசிரியர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியம். "ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டார். எந்தத் தாளிலும் இல்லாத ஒரு கேள்வியை அவர் நோயாளியிடம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க டாக்டர்" என்றார் ஓட்டுநர்.

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தானே போன் செய்து, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அவரை அனுப்பினார். இப்போது அவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றும் சிகிச்சை. ஓய்வு நாளுக்கு முதல் நாள்தான் ஊசி. சீனி இறங்கியிருக்கிறது. அவர் ஏற்பிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன.

அவர் மனைவிக்குச் சீனி இருந்தது. ஊசியை நிறுத்திச் சில வாரம் கழித்துப் பார்த்தபோது நன்றாக ஏறிப்போய் நின்றது. எத்தனை வருடமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் வரிசையில் உட்கார்ந்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். இறங்கிய எடையில் பாதி திரும்பிவிட்டது. பாசாரில் அவரைப் பார்த்த பெண்கள் ஜூஸை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்களாம். "இப்பல்லாம் நல்ல பாவக்கா வர்றதில்லம்மா" என்று சொல்லியிருக்கிறார். அண்ணி அதை நம்பி, கெலாங் பாத்தாவரை போய்ப் பாகற்காய் தேடினாள். நான் அவளிடம் உண்மையைச் சொல்ல முடியாது, நோயாளியின் ரகசியம். அவள் இன்னும் குடிக்கிறாள். முகம் சுளிக்கிறாள். என் அண்ணன் வாயைத் திறப்பதில்லை.

பேராசிரியர் புதிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். நோயாளிகள் ஏன் மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை என்பதைப் பற்றி. புதிய கேள்வித்தாளை அவரே தயாரித்தார். முதல் கேள்வி: 'ஊசியை நீங்களே போட்டுக்கொண்டீர்களா? ஆம் / இல்லை.' வந்தவர்கள் அத்தனை பேரும் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார்.

நான் தாளை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, "சாப்பிட்டாச்சாண்ணே? நைட் ஷிப்டா இப்ப? வீட்ல யாரு சமையல்?" என்று ஆரம்பிக்கிறேன். அரை மணி நேரம் ஆகும். சொல்வதை எல்லாம் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, பின்பக்கம் எழுத வேண்டாம், ஸ்கேனர் அதைப் படிப்பதில்லை என்றார்.

"தெரியும் ப்ரொப்" என்றேன். "அதான் உங்ககிட்ட நேர்லயே குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

ஒரு கட்டுத் தாளை அவர் மேசையில் கவிழ்த்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அன்று நான் தேடித் தரவில்லை. அவரே எழுந்து தேடினார்.